இரும்புப் பறவை எவர் கையில்?



அல்குர்ஆனின் 57ஆவது அத்தியாயத்திற்கு ‘அல்ஹதீத்’ என்று பெயர். ‘இரும்பு’ என்பது அதன் பொருள். இரும்பில் கடும் வலிமையும் உண்டு, மக்களுக்குப் பயன்களும் உண்டு என்னும் உண்மையை இறைமறை அங்கே எடுத்துரைக்கிறது. இந்த இடத்தை விளக்கும்போது வாளையும் ஏர்க்கொழுவையும் உதாரணம் காட்டுவது எம் ஆசிரியப் பெருமக்களின் வழக்கம். நான் சில ஆண்டுகளாக ஒரு ஹெலிகாப்டரை உதாரணம் காட்டி வருகிறேன். எம்.ஐ. 8 என்பது அதன் பெயர். அதன் வலிமை மிகுந்த வடிவம் எம்.ஐ. 17 என்று வழங்கப்படுகிறது.

சோவியத் ருஷ்யாவின் மிகாயில் மில் என்னும் வடிவமைப்பாளரின் கூடத்தில் உருவான இந்த ஊர்தி 1961ஆம் ஆண்டு முதன்முதலாகப் பறந்தது. அன்று முதல் பன்னிரண்டாயிரத்திற்கும் மேற்பட்டவை செய்யப்பட்டுவிட்டன. இருபத்தொரு மீட்டர் அகலத்திற்குச் சுழலும் ஐந்து இறக்கைகள், அவற்றைச் சுழற்ற இரண்டு என்ஜின்கள், 24 பேர் அமரும் இடம், அல்லது சுமார் 4 டன் சரக்கு. பின்புறத்தில் சிப்பியைப் போல் இரண்டாய்த் திறக்கும் கதவுகள். ஓர் என்ஜின் நின்றுபோனால் மற்றொன்று தன் விசையைக் கூட்டிக்கொள்ளும். இரண்டும் நின்றாலும், கீழிருந்து மேல்நோக்கிப் பாயும் காற்றே இறக்கைகளைச் சுழற்ற, திறமையுள்ள விமானி அதைத் தரையிறக்க முடியும். ஓடுபாதை வேண்டியதில்லை, ஒரு வயல்வெளி போதும். சிப்பாய்களை ஏற்றிச் செல்லும் அதே ஊர்தி சைபீரியாவின் எண்ணெய் வயல்களுக்குத் தொழிலாளரையும் ஏற்றிச் செல்கிறது.

இதைப் பெருமளவில் செய்த ஆலைகளுள் ஒன்று கஸான் நகரில் இருக்கிறது. நம் வாசகர்கள் அறிய வேண்டிய ஊர் இது. தாத்தார் முஸ்லிம்களின் தலைநகரம். வோல்கா நதிக்கரையின் பல்கார் மக்கள் 922ஆம் ஆண்டிலேயே இஸ்லாத்தைத் தம் அரசின் மார்க்கமாக ஏற்றவர்கள். 1552இல் ருஷ்ய மன்னர் இவான் கஸானைக் கைப்பற்றினார். அதன்பின் எத்தனையோ சோதனைகளைக் கடந்து இன்றும் அங்கே பாங்கொலி கேட்கிறது. பாங்கொலி கேட்கும் அந்த ஊரிலிருந்துதான் இந்த இரும்புப் பறவைகள் உலகெங்கும் பறந்து சென்றன.

பறந்து சென்று என்ன செய்தன? 1979இன் இறுதியில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானில் நுழைந்தன. ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்த அந்தப் போரில் எம்.ஐ. 8 படைவீரர்களைச் சுமந்தது. இருபுறமும் ராக்கெட்டுகளைக் கட்டிக்கொண்டு மலைக் கிராமங்களின் மீதும் பறந்தது. அதன் ஓசை கேட்டால் ஆப்கானியத் தாய்மார்கள் பிள்ளைகளை வாரியெடுத்துக்கொண்டு ஓடிய காலம் அது. 1989 பிப்ரவரி 15இல் அந்தப் படைகள் வெளியேறின.

இதை நான் வகுப்பில் சொல்லி முடித்தபோது ஒரு மாணவர் எழுந்தார். “உஸ்தாத், நம் சகோதரர்களின் வீடுகளை இடித்த யந்திரம் அல்லவா இது? இதை நாம் எப்படி மெச்சுவது?” என்று கேட்டார். அவர் குரலில் சினம் இருந்தது. பதினைந்து வயதில் அந்தச் சினம் வரத்தான் வேண்டும். அநீதியைக் கேட்டுச் சலனமின்றி இருப்பவன் நல்ல மாணவன் ஆகான். ஆனால் அந்தச் சினம் இரும்பின் மீதும், அதைச் செய்த ஊரின் மீதும், ஒரு தேசத்து மக்கள் அனைவர் மீதும் படர்ந்துவிட்டால், அதுவே மற்றோர் அநீதியாக முடியும்.

ஆகவே அவரிடம் 2005ஆம் ஆண்டைப் பற்றிச் சொன்னேன். அக்டோபர் 8ஆம் நாள், புனித ரமளானின் முதல் வாரம். முஸஃபராபாத் பகுதியைப் பூகம்பம் தாக்கியது. எழுபதாயிரத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். மலைச்சரிவுகள் சாலைகளை மூடிவிட்டன. குளிர்காலமோ நெருங்கிக்கொண்டிருந்தது. அப்போது காயம்பட்டோரைச் சுமந்து வந்தவற்றில் எம்.ஐ. 17ம் உண்டு, ஐ.நா. உணவுத் திட்டத்தின் சார்பில் கூடாரமும் உணவும் கொண்டு சென்றது அதே எம்.ஐ. 8தான். அக்டோபர் 15இல், நிவாரணப் பணிக்குச் சென்ற ஒரு எம்.ஐ. 17 மோசமான வானிலையில் விழுந்து, அதிலிருந்த படைவீரர் அறுவரும் உயிர் நீத்தனர். ஆப்கானியத் தாய் அஞ்சி ஓடிய அதே ஓசையை, பதினாறு ஆண்டுகளுக்குப் பின் மற்றொரு மலையிலிருந்த தாய் வானத்தைப் பார்த்துக் காத்திருந்து கேட்டாள்.

1986இல் செர்னோபில் அணு உலை வெடித்தபோது மணலும் ஈயமும் போரானும் களிமண்ணுமாக ஏறத்தாழ 5,000 டன் பொருளை அந்த நெருப்பின் மேல் கொட்டியவையும் ஹெலிகாப்டர்களே. கதிர்வீச்சு கீழிருந்து தாக்குவதை அறிந்தே விமானிகள் மீண்டும் மீண்டும் பறந்தனர். அவ்வாண்டு அக்டோபர் 2இல் ஒரு எம்.ஐ. 8, பாரந்தூக்கியின் கம்பியில் இறக்கை பட்டு நொறுங்கி நால்வர் மாண்டனர்.

வழிமுறைகளுக்கு அவற்றின் நோக்கத்திற்குரிய தீர்ப்பே உண்டு என்பது ஃபிக்ஹுக் கலையின் விதிகளுள் ஒன்று. நன்மைக்கு இட்டுச் செல்லும் வழி நன்மை; தீமைக்கு இட்டுச் செல்லும் வழி தீமை. மறுமையில் விசாரணை இரும்புக்கு அன்று; அதை ஏவிய கரத்திற்கும், அந்தக் கரத்தை இயக்கிய நிய்யத்திற்குமே. இவ்வாறு விளக்கியதும், “அப்படியானால் அதை ஓட்டக் கற்றுக்கொள்வது நன்மையா உஸ்தாத்?” என்று அவர் கேட்டார். என் உள்ளம் குளிர்ந்தது. மருத்துவம், கணிதம் போன்ற, சமுதாயத்திற்கு இன்றியமையாத கலைகளை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ‘ஃபர்ளு கிஃபாயா’ என்று தம் ‘இஹ்யா’வில் குறிப்பிடுகிறார்கள். ஊரில் எவருமே கற்காவிடில் ஊரார் அனைவரும் பாவத்திற்குள்ளாவர். இடிபாட்டில் சிக்கிய உயிரை மீட்கும் கலை மட்டும் அதற்குப் புறம்பானதா?

நம் மண்ணுக்கும் இந்த ஊர்தியோடு துயரமான தொடர்பு உண்டு. 2021 டிசம்பர் 8இல் சூலூரிலிருந்து வெலிங்டனுக்குப் பறந்த எம்.ஐ. 17, குன்னூர் அருகே மேகத்தில் புகுந்து மலைச்சரிவில் மோதியது. முப்படைத் தளபதி பிபின் ராவத் உட்பட, அதில் பயணித்த 14 பேரும் உயிரிழந்தனர். எரியும் இரும்பை நோக்கி முதலில் ஓடியவர்கள் நஞ்சப்பசத்திரத்தின் எளிய மக்கள். குடங்களில் தண்ணீரும், வீட்டிலிருந்த போர்வைகளும் கொண்டு ஓடினார்கள். விழுந்தவர் எவர், எந்த மார்க்கத்தார் என்று அவர்கள் கேட்கவில்லை. பல டன் எடையுள்ள யந்திரம் தோற்ற இடத்தில் ஒரு போர்வை மனித நேயத்தைச் சுமந்து நின்றது.

பெற்றோரே! உங்கள் பிள்ளை வானத்தில் ஹெலிகாப்டரைக் கண்டு கைதட்டினால் தடுக்காதீர்கள். அருகே அழைத்து, “நீ இதை ஓட்டினால் யாருக்காக ஓட்டுவாய்?” என்று கேளுங்கள். விடை உடனே வராவிட்டாலும் பரவாயில்லை. அந்தக் கேள்வி அவன் உள்ளத்தில் வளரட்டும்.

வலிமையைத் தந்த வல்ல நாயன், அதை நன்மையில் செலுத்தும் நல்லெண்ணத்தையும் நம் பிள்ளைகளுக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.