காளிகாட்டில் முதல் வேலை

ஹௌராவில் ரயிலை விட்டு இறங்கும் தொண்டர் குழுவுக்கு மொழி புரிவதில்லை, வழி தெரிவதில்லை. 1943-ல் திறக்கப்பட்ட இரும்புப் பாலத்தைக் கடந்தால் கொல்கத்தாவின் நெரிசல்.

மறுநாள் காளிகாட். காளி கோயில் யாத்ரிகர் விடுதியாக இருந்த கட்டடத்தில் 1952-ல் அன்னை தெரசா தொடங்கிய நிர்மல் ஹிருதய் இல்லம். மரணத்தின் விளிம்பில் இருப்பவர்களின் கையைப் பிடித்து ஆறுதல் சொல்ல வந்தவர்களுக்கு முதலில் கிடைப்பது பெரும்பாலும் சலவை வேலை. நோயாளிகளின் துணிகள், போர்வைகள் மலைபோல் குவிந்திருக்கும். சிலருக்கு ஏமாற்றம். "இதற்கா வந்தோம்?" என்று முணுமுணுப்பு.

ஆனால் வங்காளம் தெரியாதவர் சில நாட்களில் வேறென்ன செய்துவிட முடியும்? ஊர் திரும்பும்போது நோயாளியின் பெயர்கூடத் தெரிந்திருக்காது. அவர் போர்த்தியிருப்பது மட்டும் சுத்தமாக இருக்கும்.