16 வயதுக் குதிரை



நான் ஓய்வு பெற்றதிலிருந்து பார்க்கிறவர்கள் எல்லாம் "இனிமே என்ன சார், பேசாம உக்காந்து பேப்பர் படிங்க" என்கிறார்கள். பேப்பர் படிப்பதில் எனக்குச் சண்டை இல்லை. அந்த "இனிமே என்ன" என்பதில்தான். பதிலுக்கு அர்ஜென்டினாக் குதிரைகள் இரண்டைப் பற்றிச் சொல்கிறேன். பொறுமையாகப் படியுங்கள், கடைசியில் கேள்வி கேட்க மாட்டேன்!

பம்பாஸ் புல்வெளி பாடத்தில் படித்தது நினைவிருக்கிறதா? ஸ்பானியர்கள் கப்பலில் கொண்டுவந்த குதிரைகளில் சில அங்கே தப்பி ஓடிக் காட்டுக் குதிரைகளாகத் திரிந்தன. வெயில், பனி, தண்ணீர்ப் பஞ்சம் எல்லாவற்றையும் தாங்கியவை மட்டும் மிஞ்சின. கௌச்சோ எனப்படும் மாட்டுக்காரர்கள் அவற்றைப் பிடித்துப் பழக்கி மந்தை ஓட்டினார்கள். சுருக்குக் கயிறு வீசி மாட்டைப் பிடித்தால் கயிற்றின் மறுமுனை சேணத்தில் இருக்கும். திமிறுகிற மாட்டின் இழுப்பைக் குதிரைதான் காலை ஊன்றித் தாங்க வேண்டும். இந்த இனத்துக்குப் பெயர் கிரியோல்லோ.

ஆனால் ஆள் குட்டை. பார்வைக்கு எடுப்பாக இல்லை என்று பண்ணைக்காரர்கள் ஐரோப்பாவின் உயரமான குதிரைகளோடு கலந்தார்கள். உயரம் வந்தது, உரம் போனது. இனமே அழிகிற நிலையில் எமிலியோ சோலனெத் என்ற கால்நடை மருத்துவர் படகோனியாவின் பழங்குடியினரிடம் கலப்பில்லாத குதிரைகளை வாங்கிவந்து காப்பாற்றினார்.

1925இல் அவரிடம் ஒருவர் வந்தார். எமே சிஃபேலி. சுவிட்சர்லாந்தில் பிறந்தவர், அர்ஜென்டினாவில் பள்ளிக்கூட வாத்தியார், நம்ம இனம்! புவனோஸ் ஐரஸிலிருந்து நியூயார்க்வரை குதிரையிலேயே போகப் போகிறேன் என்றார். பைத்தியம் என்று ஊர் சிரித்தது. சோலனெத் இரண்டு குதிரைகளைக் கொடுத்தார். ஒன்று மாஞ்சா (பட்டம் விடுகிற மாஞ்சா இல்லை, அவர்கள் மொழியில் "கறை" என்று பொருள்), இன்னொன்று காத்தோ, அதாவது பூனை. வயது? மாஞ்சாவுக்கு 16, காத்தோவுக்கு 15. குதிரைக் கணக்கில் அது கிட்டத்தட்ட ஓய்வூதிய வயது.

ஒன்றின் மேல் சவாரி, மற்றதன் மேல் மூட்டை, மாற்றி மாற்றி. ஆண்டீஸில் 5,000 மீட்டரைத் தாண்டிய கணவாய், பெரு நாட்டின் பாலைவனம், ஆடுகிற தொங்குபாலம், மத்திய அமெரிக்கக் காடு. மூன்றரை வருடம், ஏறத்தாழ 16,000 கிலோமீட்டர்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ். அங்கே மோட்டார் வண்டி நெரிசலில் இரண்டு குதிரைகளோடு போவது ஆபத்து என்று காத்தோவை அங்கேயே விட்டுவிட்டு, மாஞ்சாவோடு மட்டும் மீதித் தூரம் போனார். இரண்டையும் கூட்டிப்போனால்தான் சாதனை என்று பிடிவாதம் பிடிக்கவில்லை. நல்ல வாத்தியார்.

1928 செப்டம்பர் 20 நியூயார்க் சேர்ந்தார்கள். அர்ஜென்டினாவில் அந்த நாள்தான் இப்போது தேசியக் குதிரை நாள். இரண்டு குதிரைகளும் கப்பலில் ஊர் திரும்பி சோலனெத்தின் பண்ணையில் நிம்மதியாக மேய்ந்தன. காத்தோ 1944வரையும் மாஞ்சா 1947வரையும் இருந்தன. கணக்குப் போட்டுப் பாருங்கள், இரண்டும் முப்பதைத் தாண்டியவை!

சிஃபேலி இந்தப் பயணத்தைப் புத்தகமாக எழுதியிருக்கிறார். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் யாராவது ஊருக்கு வரும்போது ஒரு பிரதி வாங்கிவாருங்கள். காசு கொடுத்துவிடுவேன்.