ஆதரவு நிறுத்தப்பட்டது

மயிலாப்பூரிலிருந்து அப்பா போன் செய்தார். "ஸ்கேனர் செத்துப்போச்சுடா. காயலான் கடையில போட்டுடவா?"

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிகிறது என்று பயமுறுத்தி, ரிச்சி தெருவில் அவருக்குப் புதுக் கணினி வாங்கிக் கொடுத்தது நான்தான். ஸ்கேனர் மட்டும் பழையது. பாட்டி எழுதிய இன்லேண்ட் கடிதங்களை அப்பா அதில்தான் ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டிருந்தார். மடிப்பு விழுந்த இடங்களில் மை ஏற்கெனவே போய்விட்டது. பாதிக் கட்டு மிச்சம்.

ஞாயிற்றுக்கிழமை அடையாறிலிருந்து போனேன். ஸ்விட்சைப் போட்டதும் கண்ணாடிக்கடியில் விளக்கு எரிந்து நகர்ந்தது. சாகவில்லை. டிவைஸ் மேனேஜரில் அதன் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம்.

"டிரைவர் பிரச்சினைப்பா."

"டிரைவரா?"

"கம்பெனி காலத்துல வெள்ளைக்காரனுக்கும் நம்ம வியாபாரிக்கும் நடுவுல துபாஷி நிப்பானே, அந்த மாதிரி. கணினி சொல்றத ஸ்கேனருக்குச் சொல்றவன்."

முதலில் இருந்ததை நீக்கினேன். வெறுமனே 'அன்இன்ஸ்டால்' கொடுத்தால் போதாது. டிரைவரையும் அழிக்கச் சொல்லும் கட்டத்தில் டிக் போட வேண்டும். இல்லாவிட்டால் விண்டோஸ் தன் கிடங்கில் வைத்திருக்கும் பழைய பிரதியை எடுத்து மறுபடி உட்கார வைத்துவிடும். பிறகு அப்பா பத்திரப்படுத்தியிருந்த சிடியை ஏற்றிப் பார்த்தேன். நகரவில்லை. தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் கடைசியாக இருந்ததும் 32 பிட் டிரைவர்தான். அப்பாவின் பழைய கணினியில் இருந்தது 32 பிட் விண்டோஸ். விண்டோஸ் 11 வருவதே 64 பிட்டில்தான். பழைய 32 பிட் செயலிகளுக்கு அது இடம் கொடுக்கும், டிரைவர்களுக்குக் கொடுக்காது.

தளத்தில் ஒரே ஒரு வரி: 'இந்தச் சாதனத்துக்கான ஆதரவு நிறுத்தப்பட்டது.'

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, கூச்சமாக இருந்தது. அலுவலகத்தில் இதே வரியை நான் மூன்று முறை எழுதியிருக்கிறேன். பழையதைச் சுமந்தால் சோதனை கூடும், செலவு கூடும். காரணங்கள் எல்லாம் நியாயமானவைதான். அந்த வரியைப் படிக்கப்போகிறவர் கையில் என்ன இருக்கும் என்று ஒருமுறைகூட யோசித்ததில்லை.

"அப்போ மெஷின் நல்லாத்தான் இருக்கா?" என்றார் அப்பா.

"நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம் ஏன்டா தூக்கிப் போடணும்?"

பெண்டிரைவில் உபுண்டு லினக்ஸை ஏற்றி, விண்டோஸைத் தொடாமல் அதிலிருந்தே கணினியைத் துவக்கினேன். லினக்ஸில் ஸ்கேனர்களோடு பேசுவதற்கு 'சேன்' என்றொரு திட்டம் உண்டு. நிறுவனங்கள் கைவிட்ட பல கருவிகளுக்குத் தன்னார்வலர்கள் எழுதிய டிரைவர்கள் அதில் இருக்கின்றன. சில கருவிகள் பேசும் விதத்தை, கம்பியில் போகும் தகவல்களைக் கவனித்தே கண்டுபிடித்திருக்கிறார்கள். எல்லா ஸ்கேனருக்கும் இப்படி ஆள் கிடைப்பதில்லை. அப்பாவுடையதற்குக் கிடைத்திருந்தார்.

விளக்கு நகர்ந்தது. பாட்டியின் சாய்ந்த எழுத்து திரையில் மேலிருந்து கீழாக இறங்கி வந்தது. அப்பா ஒரு பழைய டயரியில் 'பெண்டிரைவ் சொருகவும்' என்று 1 போட்டு எழுத ஆரம்பித்தார்.

திங்கட்கிழமை மீட்டிங்கில் இன்னொரு பழைய பதிப்பைக் கைவிடும் பேச்சு வந்தது. "அதை இன்னும் யார் பயன்படுத்தறாங்க?" என்று கேட்டேன்.

"ரொம்பக் கொஞ்சம் பேர்தான்."

அந்த வரியை எழுத ஒரு வாரம் அவகாசம் கேட்டிருக்கிறேன். அந்தக் கொஞ்சம் பேரிடம் முதலில் பேச வேண்டும்.