இரவுக்குரிய குவியம்

கிளிநொச்சியில் நெற்களஞ்சியமொன்றிற்குக் கண்காணிப்புக் கமரா பூட்டச் சென்றிருந்தோம். அயற் கமக்காரர் பலரின் காலபோக உழைப்பு அங்கே மூடைகளாய்க் கிடந்தது. நண்பகலில் மூடையின் முத்திரையும் தெளிவாய்த் தெரிந்தது.

“இனி ஏணியை எடுக்கலாந்தானே, தம்பியவை?” என்றார் முதலாளி. நாம் இருளும்வரை இருந்தோம். கள்வன் நண்பகலில் வருபவனல்லனே!

கல்லூரி ஆய்வுகூடத்தில், அரியத்தினூடு செல்கையிற் செந்நிறமே மிகக் குறைவாக வளைவதைக் கண்டோமன்றோ? இரவில் கமரா பாய்ச்சும் செங்கீழ்க் கதிர் அதனினும் குறைவாகவே வளையும்; ஆதலின், சாதாரண வில்லையில் அதன் குவியம் சற்றுப் பின்தள்ளி வீழும். இருளில் வில்லையின் துவாரமும் முழுதாய்த் திறப்பதால் சிறு விலகலும் பெரிதாய்த் தோன்றும்.

எண்ணியவாறே, ஏழு மணிக்குக் காவலாளியின் முகம் வெறும் மங்கலாயிற்று. அவரை வாயிலில் நிறுத்தி, வளையத்தை மயிரளவு திருப்பினோம். மூக்குத் தெரிந்தது, பின் நெற்றித் தழும்பும் தெரிந்தது. திருகை இறுக்கி, மூடியைப் பூட்டி மீண்டும் பார்த்தோம். மூடியும் குவியத்தை மாற்றவல்லது.

அவ்விளக்கருகே சிலந்தி வலை பின்னுவது வழக்கம். முதலாளியிடம் ஒரு தும்புத்தடி கேட்டு வாங்கி, காவலாளியிடம் கொடுத்துவிட்டு ஏணியை எடுத்தோம்.