யாரும் கடன் கொடுக்க வேண்டாம்

தமிழ் நாளிதழ்களின் உள்பக்கங்களில், பத்திரம் தொலைந்துபோன அறிவிப்புக்கும் ஏல அறிவிப்புக்கும் நடுவே, அவ்வப்போது ஒரு சின்னக் கட்டம் வரும். இன்னாருக்கும் எனக்கும் இன்று முதல் எந்தச் சம்பந்தமும் இல்லை, அவரோடு யாரும் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ள வேண்டாம், மீறினால் நான் பொறுப்பல்ல என்று இருக்கும். கீழே ஒரு வழக்கறிஞரின் பெயர். என்ன செய்தானோ, பெற்றவர் இவ்வளவு தூரம் வந்துவிட்டாரே என்று நினைத்தபடி அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவோம்.

என் அப்பாவும் தன் தம்பியைப் பற்றி அப்படி ஒரு அறிவிப்பு கொடுத்தார். அவர் காலமான பிறகு இரும்புப் பெட்டியைத் திறந்தபோது, வில்லங்கச் சான்றுகளோடும் வரி ரசீதுகளோடும் அந்தக் கட்டம் மட்டும் கத்தரித்து வைக்கப்பட்டிருந்தது. சொந்தக்காரர்களுக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. கூடப் பிறந்தவனைப் பேப்பரில் போட்டுச் சந்தி சிரிக்க வைக்கலாமா என்று இன்றும் கேட்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றுதான், இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடத் தொடங்கினேன்.

அப்பாவுக்குக் கும்பகோணத்தில் பாத்திரக் கடை. சித்தப்பாவுக்குக் குடி, சீட்டு எதுவும் கிடையாது. கல்யாண வீட்டில் முதல் ஆளாகப் பந்தியில் நிற்பார். குழந்தைகளுக்கு அவரைத்தான் பிடிக்கும். ஆனால் வாயைத் திறந்தால் பொய். நாச்சியார்கோயில் குத்துவிளக்குப் பட்டறைக்காரர் ஒருவர் கடைக்கு வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நகக்கண்ணில் பித்தளைத் தூள் ஏறிய கை. சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த துண்டுச் சீட்டை எடுத்து அப்பாவிடம் நீட்டினார். சித்தப்பாவின் குண்டு குண்டான எழுத்து: ஐந்து முக விளக்கு நாலு ஜோடி கொடுத்தனுப்பவும், அண்ணன் கணக்கில் எழுதிக்கொள்ளவும். அந்த விளக்குகள் எங்கள் கடைக்கு வரவே இல்லை. அப்பா சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கல்லாவைத் திறந்து பணத்தை எண்ணிக் கொடுத்தார். பட்டறைக்காரர் போகும்போது, "உங்க தம்பின்னுதாங்க குடுத்தேன்" என்றார்.

அன்று இரவு சித்தப்பா அப்பாவின் காலில் விழுந்தார். சுவாமிமலை முருகன் மேல் சத்தியம் செய்தார். அடுத்த ஆடிக்குள் வேறொரு பட்டறையிலிருந்து வேறொரு சீட்டு வந்தது. பிறகு அம்மாவின் வளையல். பிறகு சீட்டுப் பணம். அப்பாயி மட்டும், "ஊரான் பணத்தையாடா எடுத்துட்டான், அண்ணன் பணம்தானே" என்று ஒவ்வொரு முறையும் முடித்துவைப்பாள்.

தேடலில் முதலில் அகப்பட்டது மனுஸ்மிருதியின் 11ஆம் அத்தியாயம். விலக்கப்பட்டவனுக்கு உயிரோடு இருக்கும்போதே செய்யும் சடங்கு அங்கே இருக்கிறது. ஊருக்கு வெளியே, ஆகாத நாளில், சாயங்காலம், உறவினர் கூடி நின்று, செத்தவனுக்கு விடுவதுபோல் தண்ணீர் விட வேண்டும். அடிமைப் பெண் ஒருத்தி தண்ணீர்க் குடத்தைக் காலால் உதைத்துக் கவிழ்க்க வேண்டும். உறவினருக்கு ஒரு பகல் ஒரு இரவு தீட்டு. அதற்குப் பிறகு அவனோடு பேச்சில்லை, சேர்ந்து உட்காருவதில்லை, சொத்தில் பங்கில்லை. பிராயச்சித்தம் செய்து திரும்பி வந்தால், அவனோடு சேர்ந்து புனித நீரில் குளித்து, புதுக் குடம் ஒன்றை நீரில் விடுவார்கள்.

திரும்பி வருவதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள் என்பது என்னைக் கொஞ்ச நேரம் பிடித்து நிறுத்தியது. ஆனாலும் அப்பாவின் அறிவிப்புக்கு இதை மூலமாக ஏற்க எனக்கு மனமில்லை. குலத்தூய்மையைக் காக்கப் பிறந்த சடங்கு அது. கேரளத்தில் 1905இல் நம்பூதிரிப் பெண் குறியேடத்து தாத்ரியை விலக்கிவைத்தார்களே, அந்தச் சாதி விசாரணைகளின் முடிவிலும் உயிரோடிருப்பவருக்குப் பிண்டம் வைக்கும் வழக்கம் இருந்தது. அந்தப் பெண்கள் யாருடைய பணத்தையும் எடுக்கவில்லை. ஏமாந்து நிற்கிற பட்டறைக்காரருக்கு அந்தச் சடங்கில் இடமே கிடையாது.

கடன் பற்றிய பழைய விதிகளில்தான் எங்கள் வீடு தெரிந்தது. மகன் பட்ட கடனை அப்பா தீர்க்க வேண்டியதில்லை, கணவன் பட்ட கடனை மனைவி தீர்க்க வேண்டியதில்லை என்கிறது யாக்ஞவல்கிய ஸ்மிருதி. ஆனால் ஒரு விலக்கு உண்டு: குடும்பத்துக்காக வாங்கிய கடன் என்றால் கட்ட வேண்டும். பிரியாத குடும்பத்தில் ஒருவர் குடும்பத்துக்கென்று பட்ட கடன் எல்லோரையும் சேரும். சித்தப்பா எந்த ஸ்மிருதியையும் படித்தவரில்லை. ஆனாலும் அவர் கேட்ட ஒவ்வொரு கடனும் குடும்பத்துக்காகத்தான். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், அண்ணன் மகளுக்கு காலேஜ் பீஸ், கடைக்குச் சரக்கு. எந்தச் சொல்லுக்குப் பணம் பெயரும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

நாளிதழில் போடும் வடிவத்துக்கு வேர் இங்கிலாந்தில். 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வந்த செய்தித்தாள்களில் இதே கட்டத்தைப் பார்க்கலாம். என் மனைவி வீட்டை விட்டுப் போய்விட்டாள், அவள் வாங்கும் கடனுக்கு நான் பொறுப்பல்ல என்று கணவன்மார் கொடுத்த விளம்பரங்கள். அன்றைய ஆங்கிலச் சட்டத்தில் கல்யாணமான பெண்ணுக்குத் தனிக் கணக்கு கிடையாது. கடைக்காரரிடம் அவள் வாங்கும் உணவு, துணிக்குக் கணவன்தான் பணம் கட்ட வேண்டும். அதைத் தடுக்கத்தான் விளம்பரம். அடித்து விரட்டிவிட்டு, ஓடிப்போனாள் என்று எழுதிய ஆண்களும் உண்டு. மனைவிமாரில் சிலர் அதே பத்திரிகையில் மறுப்பும் போட்டார்கள். அவற்றைப் படித்த நாளில், அப்பாவின் கட்டத்துக்கு இப்படியும் ஒரு பாட்டன் உண்டா என்று மனம் கசந்தது.

ஒருவர் பெயரில் இன்னொருவர் செய்யும் காரியத்துக்கு யார் பொறுப்பு என்ற ஆங்கிலச் சட்ட விதிகளின் சாரம் 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் இறங்கியது. எனக்கு விடை கிடைத்த இடம் அதன் 208ஆம் பிரிவு. ஒருவருக்குக் கொடுத்த அதிகாரத்தை நீங்கள் ரத்து செய்துவிடலாம், ஆனால் மூன்றாம் மனிதரைப் பொறுத்தவரை, அது அவருக்குத் தெரியவரும்போதுதான் செல்லும். 237ஆம் பிரிவு இன்னும் நேராகப் பேசுகிறது. இவர் என் சார்பில்தான் செய்கிறார் என்று உங்கள் சொல்லாலோ நடத்தையாலோ பிறரை நம்பவைத்திருந்தால், பணம் கட்ட வேண்டியது நீங்கள். 1932ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டத்தின் 72ஆம் பிரிவோ, பதிவு பெற்ற நிறுவனத்திலிருந்து ஒரு கூட்டாளி விலகினால், தொழில் நடக்கும் மாவட்டத்தில் ஓடுகிற வட்டார மொழிப் பத்திரிகை ஒன்றிலாவது அறிவிப்பு வர வேண்டும் என்கிறது. அரசிதழில் போட்டால் மட்டும் போதாது. கடன் கொடுப்பவர் படிக்கிற பேப்பரில், அவர் படிக்கிற மொழியில் வர வேண்டும்.

அப்பா துண்டுச் சீட்டுகளுக்கு வாய் திறக்காமல் பணம் கட்டிய ஒவ்வொரு முறையும், அடுத்த பட்டறைக்கு மறைமுகமாக ஜாமீன் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். சித்தப்பாவிடம் சொந்தமாக முதல் எதுவும் இல்லை. அவருடைய முதல் அண்ணனின் பெயரும், குடும்ப மானத்துக்காக நாங்கள் காத்த மௌனமும்தான். அப்பாயியின் கணக்குதான் தப்பு. சித்தப்பா எடுத்தது ஊரான் பணம். முதலில் ஏமாந்தவர் மண் அச்சில் பித்தளை ஊற்றிப் பிழைக்கிற மனிதர்.

நம் சட்டத்தில் மகனையோ தம்பியையோ இல்லை என்று ஆக்க வழி கிடையாது. சுயமாகச் சம்பாதித்ததை உயில் எழுதி யாருக்கும் கொடுக்கலாம், மறுக்கலாம். பூர்வீகச் சொத்தில் உள்ள பங்கைப் பேப்பர் அறிவிப்பால் பறிக்க முடியாது. அப்பா பறிக்கவும் இல்லை. பழைய வீட்டில் தம்பி பங்குக்கு உரிய விலையைக் கொடுத்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கினார். அதற்குப் பிறகுதான் அறிவிப்பு. அப்பாயி இறந்தபோது சித்தப்பா வந்தார். அண்ணனும் தம்பியும் சேர்ந்தே காரியம் செய்தார்கள். கருமாதிப் பந்தியில் அவருக்கும் இலை போடப்பட்டது. அன்று மாலை அவர் வண்டிச் செலவுக்குப் பணம் கேட்டார். அப்பா பணம் தரவில்லை, பையனை அனுப்பி பஸ் டிக்கெட் எடுக்கச் சொன்னார்.

சித்தப்பா அதற்குப் பிறகு எங்கள் மாவட்டத்தில் யாரிடமும் கடன் வாங்க முடியவில்லை. வடக்கே வேறொரு மாவட்டத்துக்குக் குடிபோனார். போன மாதம் அங்கிருந்து ஒரு அம்மா போன் செய்தார். மளிகைக் கடை வைத்திருக்கிறாராம்.

"கும்பகோணம் பாத்திரக் கடைக்காரர் வீடுங்களா? அவர் தம்பி இங்க ஒரு அவசரத்துக்குப் பணம் கேக்குறாரு. அண்ணனுக்கு ஹார்ட் ஆபரேஷன்னு சொல்றாரு."

"தம்பிதாம்மா, பொய்யில்ல. ஆனா எங்கப்பா இப்ப உயிரோட இல்ல. பணம் குடுக்காதீங்க."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "நேத்தே பாதி குடுத்துட்டேனேம்மா" என்றார்.

சித்தப்பா பெயரிலேயே புரோநோட்டு எழுதி, சாட்சிக் கையெழுத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள், மூன்று வருஷத்துக்குள் வழக்குப் போடலாம் என்று சொன்னேன். அந்த ஊரில் எந்தப் பேப்பர் அதிகம் ஓடுகிறது என்றும் கேட்டுக்கொண்டேன். வக்கீலிடம் பேசியாகிவிட்டது. அந்த மாவட்டப் பதிப்பில், என் பெயரில் அறிவிப்பு வரும்.