வளைவில் கண்ணும் கையும்



மலேசியாவில் 16 வயது நிறைந்தவர் பி2 உரிமம் எடுக்கலாம். ஆறாம் ஆண்டு முடித்து நம்மிடம் விடைபெற்ற பிள்ளைகள், நான்கே ஆண்டுகளில் மோட்டார் சைக்கிளில் வந்து பள்ளி வாசலில் வணக்கம் சொல்கிறார்கள். மகிழ்ச்சியோடு அச்சமும் எழுகிறது. நம் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் செல்வோர் அல்லரோ?

அவ்வாறு வருவோரிடம் நான் ஒரு வினா தொடுப்பதுண்டு. "இடப்பக்கம் திரும்பக் கைப்பிடியை எப்பக்கம் திருப்புவாய்?"

"இடப்பக்கந்தான் ஐயா!"

நடைவேகத்தில் அது சரி. வேகம் கூடிய பின்னர் உண்மை வேறு. முன்சக்கரம் முதலில் நொடிப்பொழுது வலப்பக்கம் திரும்புகிறது. அதனால் வண்டி இடப்பக்கம் சாய்கிறது. சாய்ந்த பின்னரே இடப்பக்கம் வளைகிறது. வானூர்தி கண்ட வில்பர் ரைட், அதற்கு முன் மிதிவண்டி செய்து விற்றவர். அவரும் பலரிடம் இவ்வினாவைக் கேட்டாராம். கேட்டவுடன் முழுமையாக விடை சொன்னவர் ஒருவருமிலர்.

உடல் அறிந்ததை நா அறியவில்லை. பழகிய சாலையில் இதனால் குறையில்லை. எதிர்பாராது இறுகும் வளைவில்தான் ஆபத்து. அஞ்சிய கை கைப்பிடியை இறுகப் பற்றுகிறது, பிரேக்கை அழுத்துகிறது, வண்டி நிமிர்ந்து நேரே ஓடுகிறது. நாம் சாலையின் இடப்பக்கம் செல்பவர்கள். இடவளைவில் அகன்று போனால், எதிரே வரும் செம்பனை லாரியின் தடத்தில் அன்றோ போய் நிற்போம்!

ஆதலால் மூன்று செய்திகளைச் சொல்லி அனுப்புகிறேன். முதலாவது, வளைவுக்கு முன்னரே வேகத்தைக் குறைத்துவிடு. அதே வளைவில் 30 கிலோமீட்டர் வேகம் 60 ஆனால், சக்கரத்திற்கு வேண்டிய பிடிமானம் நான்கு மடங்காகிறது. வளைவதற்கும் பிரேக்கிற்கும் உள்ளது ஒரே பிடிமானம். மணலிலும் மழையிலும் அதுவும் குறையும். இரண்டாவது, பள்ளத்தைப் பாராதே. வளைவு முடியும் இடத்தைப் பார். கண் செல்லும் வழியே வண்டியும் செல்லும். மூன்றாவது, இடவளைவில் இடக் கைப்பிடியையும் வலவளைவில் வலக் கைப்பிடியையும் மெல்ல முன்னே தள்ளு.

பெற்றோர்களே, சாவியைக் கொடுக்குமுன் இவ்வினாவை நீங்களும் கேளுங்கள். வாகனமற்ற திடலில் நிதானமாகப் பழகச் செய்யுங்கள். அச்சம் வரும் நொடியில் சிந்திக்க நேரமிராது. பழகிய கைதான் காக்கும்.