பொன்னி ஏன் நொய்யாச்சு?

முதல்ல நீங்களே ஒரு தடவை செஞ்சு பாருங்க. லேப்டாப்ல டெர்மினலைத் திறந்து 'பொன்னி'ன்னு டைப் பண்ணுங்க. எனக்கு வந்தது இப்படி: ப ◌ொ ன் ன ◌ி.

படப்பையில எங்க அப்பா சின்னதா ஒரு மளிகைக் கடை வச்சிருக்கார். ஒரகடம் கம்பெனிகளுக்கு ஷிப்ட் போறவங்க நிறைய பேர் நம்ம கடையிலதான் வாங்குவாங்க. கடன் கணக்கு முழுக்க ஒரு நீள நோட்டுல. செமஸ்டர் லீவுல அதைப் பைத்தான் ஸ்கிரிப்ட்டா மாத்தித் தர்றேன்னு வீறாப்பா சொல்லிட்டேன். கலர் கலரா தீம் போட்ட டெர்மினல்ல ஓட்டியும் காட்டினேன்.

அப்பா கண்ணாடியை மாட்டிக்கிட்டுப் பார்த்தார். "என்னடா, அரிசி உடைஞ்சு நொய்யாயிடுச்சு?"

"இங்கிலீஷ்ல அடிச்சுக்கலாம்பா."

"நீ படிச்சுக்குவ. நான்?"

அதுக்கு மேல பேசல. நோட்டை எடுத்துட்டுப் போயிட்டார். பன்னிரண்டு வருஷம் இங்கிலீஷ் மீடியத்துல படிச்ச எனக்கு அன்னைக்குத்தான் சுருக்குன்னுச்சு.

சரி, ஏன் உடையுது? நான் ஓட்டினது வெப் டெக்னாலஜியில கட்டின டெர்மினல். 2016-ல வந்த ஹைப்பர் இந்த வகைதான்: எலக்ட்ரான்ல செஞ்சது, உள்ளே குரோமியம். விஎஸ் கோட் டெர்மினலும் எக்ஸ்டெர்ம் டாட் ஜேஎஸ்னு ஒரு ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரிதான். குரோம்ல தமிழ் அழகா வருது. அதே இன்ஜின் இங்க மட்டும் ஏன் தடுமாறணும்?

காரணம் கட்டம். 1978-ல வந்த விடி100 டெர்மினல்ல வரிக்கு 80 எழுத்து, மொத்தம் 24 வரி. ஒரு எழுத்துக்கு ஒரு கட்டம். இன்னைக்கும் டெர்மினல் புரோகிராம்கள் அந்தக் கணக்கை நம்பித்தான் ஓடுது. நமக்கு 'பொ' ஒரே எழுத்து. யூனிகோட்ல அது ப, அப்புறம் ொ, ரெண்டு கோட். பழைய அகலப் பட்டியல்ல புள்ளிக்குத் தனிக் கட்டம் கிடையாது, ஆனா ொ, ி மாதிரி குறிகளுக்கு ஒரு கட்டம் உண்டு. அதனால ப-வும் ொ-வும் பிரிஞ்சு நிக்குது. வெப் பேஜ்ல ஹார்ஃப்பஸ் முழு வார்த்தையையும் பார்த்து எழுத்தைச் சேர்த்து வைக்கும். கட்டம் கட்டமா வெட்டிக் கொடுத்தா அது எதைச் சேர்க்கும்?

கடைசியில டெர்மினலை விட்டுட்டு, அதே ஸ்கிரிப்ட்டுக்கு ஃபிளாஸ்க்ல ஒரு சாதாரண பேஜ் போட்டேன். அப்பா போன்ல திறந்து 'பொன்னி 25 கிலோ'ன்னு வாய்விட்டுப் படிச்சார். "இப்ப சரி"ன்னார். நோட்டை மட்டும் இன்னும் விடல.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் பண்ற உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். டெஸ்ட் டேட்டாவுல நாம எல்லாரும் 'ஹலோ வேர்ல்ட்'தான் போடுறோம். ஒரு தடவை 'பொன்னி'யும் போட்டுப் பாருங்க. உடைஞ்சா, டெமோவுக்கு முன்னாடியே தெரிஞ்சுடும். எனக்கு அப்பா முன்னாடிதான் தெரிஞ்சது.